மார்ஷ்மெல்லோவுக்கு கேஒய்சி கேட்டா என்ன தப்பு?

ரொம்ப நாளா இந்தப் பக்கம் வரலை. மார்ச் முடிஞ்சா ஆடிட், ஆடிட் முடிஞ்சா டார்கெட்னு ஓடிட்டே இருக்கு. இன்னைக்கு வந்ததுக்குக் காரணம் ஒரு தீனி. தீனின்னதும் சமையல் குறிப்புன்னு நினைச்சு ஓடிடாதீங்க. குறிப்பும் உண்டு, கடைசியில. அதுக்கு முன்னாடி கொஞ்சம் சண்டை போடணும்.

என் மகள் ஒன்பதாம் வகுப்பு. யூட்யூப்ல ஏதோ பார்த்துட்டு வந்து "அப்பா, வூப்பி பை பண்ணலாம்"னா. பைன்னா காய்கறி வாங்கற துணிப்பைன்னு நினைச்ச அறிவாளி நான் :-)

விஷயம் இதுதான். உள்ளங்கை அகலத்துல மெத்துன்னு ரெண்டு சாக்லேட் கேக், நடுவுல வெள்ளை வெளேர்னு மார்ஷ்மெல்லோ க்ரீம். பேருதான் பை, ஆனா பை இல்லை. அமெரிக்காவுல மெய்ன் மாநிலத்துக்காரங்க எங்களோடதுங்கறாங்க, பென்சில்வேனியாவுல லான்காஸ்டர் பக்கத்து ஆளுங்க எங்களோடதுங்கறாங்க. திருநெல்வேலி அல்வாவுக்கு யாரு முதல்னு நம்ம ஊர்ல அடிச்சுக்கிற மாதிரி. 2011-ல மெய்ன் மாநிலம் சட்டமே போட்டு இதைத் தங்களோட அதிகாரபூர்வத் தின்பண்டம்னு அறிவிச்சிடுச்சு.

அகமதாபாத்ல இதைக் கடையில தேடினேன். சாக்கோ பை கிடைக்குது, அது கொரியாக்காரன் சரக்கு. வூப்பி பை நான் தேடின இடத்துல இல்லை. சரி, வீட்டுலயே பண்ணிடலாம்னு கோகோவும் மார்ஷ்மெல்லோவும் வாங்க பழைய ஊர்ப் பக்கம் ஒரு பேக்கரி சாமான் கடைக்குப் போனேன். மார்ஷ்மெல்லோ கண்ணாடிக் கவர்ல கால் கிலோ, அரை கிலோன்னு கட்டி வெச்சிருந்தாங்க. கவர்ல பேரில்லை, தேதியில்லை, புள்ளியில்லை. "வெஜ்தானே?"ன்னு கேட்டேன். "ப்யூர் வெஜ், சாப்"னார் கடைக்காரர். குஜராத்ல அதுக்கு மேல யாரு கேள்வி கேக்கறது? வாங்கிட்டு வந்துட்டேன்.

கேக் நல்லா வந்தது. முட்டை போடலை. எதிர் வீட்டுக்கும் கொடுக்கணும்னு முன்னாடியே முடிவு பண்ணியிருந்தோம். மார்ஷ்மெல்லோவை மைக்ரோவேவ்ல இருபது செகண்ட் வெச்சு, அது உப்பி இளகினதும் ரெண்டு கேக்குக்கு நடுவுல அமுக்கினோம். பிட்டா நூல் நூலா இழுத்துட்டு வருது. மகளுக்கு ஒரே குஷி. ஆறு பீஸ் தட்டுல வெச்சு எதிர் வீட்டுல கொடுத்தோம்.

எதிர் வீடு ஜைனக் குடும்பம். அங்க ஒரு பாட்டி. குஜராத்தியில பாட்டியை 'பா'ம்பாங்க, நாங்களும் அப்படித்தான் கூப்பிடறோம். எண்பது வயசுக்கு மேல. சூரியன் மறைஞ்சா சாப்பிட மாட்டாங்க. வெங்காயம், பூண்டு, உருளைக்கிழங்கு வாழ்நாள்ல தொட்டதில்லை. நாங்க இந்த ஊருக்கு வந்த முதல் வாரம் தங்கமணிக்குக் காய்ச்சல் வந்தப்போ மூணு நாள் எங்க வீட்டுக்குச் சோறு அந்த வீட்டுலேர்ந்துதான் வந்தது. பா ஒரு பீஸ் முழுசாச் சாப்பிட்டாங்கன்னு மருமகள் வந்து சொன்னாங்க. எனக்குப் பெருமை தாங்கலை.

பத்து நாள் கழிச்சு மறுபடி அதே கடை. இந்தத் தடவை பையன் ஒருத்தன் பெரிய அட்டைப்பெட்டியைப் பிரிச்சு உள்ளே இருந்த பாக்கெட்டைக் கிழிச்சு, மார்ஷ்மெல்லோவைக் கண்ணாடிக் கவர்ல அள்ளிப் போட்டுட்டிருந்தான். கிழிச்ச பாக்கெட் கீழே கிடந்தது. எடுத்துப் பார்த்தேன். சதுரத்துக்குள்ள பழுப்பு முக்கோணம். சேர்மானப் பட்டியல்ல சர்க்கரை, குளுக்கோஸ் சிரப், அப்புறம் ஜெலட்டின், அடைப்புக்குள்ள மாடுன்னு தெளிவா, ஹலால்ங்கற குறிப்போட.

கடைக்காரர்கிட்ட காட்டினேன். ஒரு நிமிஷம் பார்த்துட்டுச் சொன்னார்: "எல்லாரும் இப்படித்தான் விக்கிறாங்க. இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லை."

*

இங்கதான் என் கோபம் ஆரம்பிக்குது.

மார்ஷ்மெல்லோங்கறதே முதல்ல ஒரு செடியோட பேரு. சதுப்பு நிலத்துல வளர்ற செடி. அதோட வேர்ல இருக்கற கொழகொழப்பை எடுத்துத்தான் ஒரு காலத்துல இந்த மிட்டாயைப் பண்ணினாங்க. பின்னால வேருக்குப் பதிலா ஜெலட்டின் வந்துடுச்சு, பேரு மட்டும் செடியோடதாவே தங்கிடுச்சு. ஜெலட்டின் எங்கேர்ந்து வருது? பன்றித் தோல், மாட்டுத் தோல், எலும்பு. இதெல்லாம் ரகசியம் இல்லை. பாக்கெட் பண்ணினவன் ஒளிக்கவும் இல்லை. முக்கோணம் போட்டிருக்கான், ஜெலட்டின்னு எழுதியிருக்கான், எந்த விலங்குன்னு கூட எழுதியிருக்கான். எங்கயோ வெளிநாட்டுல உக்காந்திருக்கறவன் நேர்மையா இருந்திருக்கான். நம்ம ஊர்ல நடுவுல இருக்கறவர் அந்த நேர்மையைக் கிழிச்சுக் குப்பையில போட்டுட்டு, கண்ணாடிக் கவர்ல 'ப்யூர் வெஜ்'ஜுன்னு வாய்வார்த்தையா விக்கிறார்.

நம்ம நாட்டுல பாக்கெட் உணவுக்குப் புள்ளி போடணும்னு விதி வந்தது 2001-ல. சைவத்துக்குப் பச்சை, அசைவத்துக்குப் பழுப்பு. ரெண்டுமே வட்டமா இருந்ததால நிறக்குருடு உள்ளவங்களுக்கு வித்தியாசம் தெரியலைன்னு 2020 விதிகள்ல பழுப்பு வட்டத்தை முக்கோணமா மாத்தினாங்க. நிறம் தெரியாதவருக்கும் தெரியணும்னு சட்டம் இவ்வளவு யோசிச்சிருக்கு. 2021 டிசம்பர்ல டெல்லி உயர் நீதிமன்றம் இன்னும் ஒரு படி மேல போச்சு. உணவுல சேர்க்கற ஒவ்வொரு பொருளும் செடியிலேர்ந்து வந்ததா, விலங்குலேர்ந்து வந்ததா, ஆய்வகத்துல தயாரானதான்னு முழுசாச் சொல்லணும், வெறும் குறியீட்டு எண் போதாது, எவ்வளவு சின்ன அளவா இருந்தாலும் சொல்லணும்னு உத்தரவு போட்டுச்சு. இவ்வளவும் பாக்கெட்டைக் கிழிக்கற அந்த ஒரு நிமிஷத்துல காலி.

மிட்டாய்க் கடைகள்ல உதிரியா விக்கிற இனிப்புத் தட்டுக்கு முன்னாடி எந்தத் தேதிக்குள்ள சாப்பிடணும்னு எழுதி வைக்கணும்னு 2020 அக்டோபர்ல விதி கொண்டு வந்தாங்க. தேதி எழுதற கையால ஒரு முக்கோணமும் வரையலாமே? எவ்வளவு மை செலவாகும்?

*

பாகிட்ட சொல்றதா வேண்டாமான்னு வீட்டுல ரெண்டு நாள் பேச்சு. நம்ம ஊர் நண்பர்கள்கிட்டயும் கேட்டேன். அவங்க சொன்னதையும் என் பதிலையும் இங்க வைக்கிறேன்.

ஒண்ணு: "தெரியாம சாப்பிட்டா பாவம் இல்லைங்க, விடுங்க." அவங்களுக்குத் தெரியாது, சரி. இப்ப எனக்குத் தெரியுமே? இனிமே நான் சும்மா இருந்தா அது அறியாமை இல்லை, ஏமாத்து. அதுவும் பாவக் கணக்கைப் பார்க்க வேண்டியது அவங்க. அவங்க கணக்குப் புத்தகத்தை நான் ஏன் பூட்டி வைக்கணும்?

ரெண்டு: "கேப்சூல் மாத்திரையில ஜெலட்டின் இல்லையா? அதை முழுங்கலையா?" இருக்கு. மருந்து தேவைக்குச் சாப்பிடறது. டாக்டர்கிட்ட கேட்டு, வேற வழி இருக்கான்னு பார்த்து, இல்லைன்னா மனசைத் தேத்திக்கிட்டு விழுங்கறவங்க இருக்காங்க. வூப்பி பை சாப்பிடலைன்னா யாருக்கும் உயிர் போகாது. வேண்டாம்னு ஒதுக்க முழு வசதி இருக்கற ஒரு பொருள்ல, ஒதுக்கற வாய்ப்பை மட்டும் பிடுங்கிக்கறது என்ன நியாயம்?

மூணு: இதுதான் காரமான வாதம். "இந்த ஊர்ல உனக்கு வீடு கொடுக்க மறுத்தவங்களே இந்த சைவக்காரங்கதானே? அவங்களுக்காக நீ ஏன் உருகற?"

உண்மைதான். நான் மீன் சாப்பிடறவன். ஞாயித்துக்கிழமை வீட்டுல கறி உண்டு. மாற்றலாகி வந்து வீடு தேடினப்போ "நான்வெஜ் சாப்பிடுவீங்களா?"ன்னு கேட்டுட்டு, அட்வான்ஸ் செக்கைத் திருப்பிக் கொடுத்தவங்க உண்டு. ஒரு வீட்டுல ஃபிரிட்ஜைத் திறந்து காட்டச் சொல்வோம்னு நிபந்தனையே போட்டாங்க. அந்த எரிச்சல் எனக்கு இன்னும் போகலை. என் தட்டுல என்ன இருக்கணும்னு இன்னொருத்தர் முடிவு பண்றது அயோக்கியத்தனம்னு அன்னைக்குக் கத்தினேன். அதே நியாயம்தான் பாவோட தட்டுக்கும். என் தட்டை அவங்க ஆளுங்க நோண்டினா தப்பு, அவங்க தட்டுல நான் தெரியாம மாட்டு ஜெலட்டினை வெச்சுட்டு மூடி மறைச்சா சரின்னா, எனக்குக் கொள்கை எதுவும் இல்லை, கோபம் மட்டும்தான் இருக்குன்னு அர்த்தம்.

தவிர இது சைவக்காரங்க பிரச்சினை மட்டும் இல்லை. பாக்கெட்டைக் கிழிக்கும்போது ஹலால்ங்கற குறிப்பும் சேர்ந்துதானே குப்பைக்குப் போச்சு? அடுத்த பெட்டியில பன்றி ஜெலட்டின் வந்தா, அதே கண்ணாடிக் கவர்ல வாங்கிட்டுப் போற முஸ்லிம் வாடிக்கையாளருக்கு எப்படித் தெரியும்? மாடு சாப்பிடாத, ஆனா கோழி சாப்பிடற என் அம்மாவுக்கு? முக்கோணம் கூட எந்த விலங்குன்னு சொல்றதில்லை. பட்டியலைப் படிச்சாத்தான் தெரியும். அந்தப் பட்டியலும் இல்லைன்னா எல்லாரும் ஒரே குருட்டுக் கிணத்துல.

பேங்க்ல ஒருத்தர் சேவிங்ஸ் அக்கவுண்ட் திறக்க வந்தா ஆதார் கேக்கறோம், பான் கேக்கறோம், போட்டோ கேக்கறோம். "ஆளு நல்ல ஆளுதான் சார்"னு பக்கத்துல இருக்கறவர் சொன்னா ஒத்துக்கிறோமா? ஆனா வாய்க்குள்ள போற பொருளுக்கு "ப்யூர் வெஜ் சாப்" போதுமா இருக்கு.

எங்க தொழில் சுத்தம்னும் சொல்லலை. வீட்டுக் கடன் கேட்டு வந்தவர்கிட்ட இருபது இடத்துல கையெழுத்து வாங்கும்போது நடுவுல ஒரு இன்ஷூரன்ஸ் பாலிசியையும் நுழைச்சு விடற பழக்கம் இந்தத் துறையில உண்டு. டார்கெட் அப்படி. வருஷம் கழிச்சு அந்த மனுஷன் வந்து "நான் கேக்காததுக்கு எப்படி சார் பணம் பிடிச்சீங்க?"ன்னு நிக்கும்போது அவர் முகத்தைப் பார்த்திருக்கேன். அந்த முகம்தான் அந்த ரெண்டு நாளும் என் கண்ணுல நின்னது. கேக்காததை ஒருத்தர் தலையில கட்டறது கடன் பத்திரத்துலயும் தப்பு, கேக்குலயும் தப்பு.

*

போய்ச் சொல்லிட்டேன். மகளும் கூட வந்தா. பா ஒண்ணும் பேசலை. கையிலிருந்த ஜபமாலையைப் பார்த்துட்டே உக்காந்திருந்தாங்க. அப்புறம் மருமகள்கிட்ட ஏதோ சொல்லிட்டு உள்ளே போயிட்டாங்க. மறுநாள் உபவாசம். காய்ச்சின தண்ணி மட்டும். எண்பது வயசு உடம்பு. அன்னைக்கு என்னால ஆபீஸ்ல ஒரு வவுச்சரைக் கூட ஒழுங்கா பாஸ் பண்ண முடியலை. சொல்லாம இருந்திருக்கலாமோன்னு தோணினதும் உண்மை.

நாலாம் நாள் பாவே கூப்பிட்டு விட்டாங்க. "பேட்டா, நீ சொன்னது நல்லது. சொல்லாமலே இருந்து எனக்கு வேற வழியாத் தெரிஞ்சிருந்தா, இனிமே உன் வீட்டுத் தண்ணி கூடக் குடிச்சிருக்க மாட்டேன்"னாங்க. அப்புறம் மகளைப் பார்த்து, "மறுபடி பண்ணு. ஆனா நான் சொல்ற மாதிரி"ன்னாங்க.

அவங்க போட்ட பட்டியல் எங்க வங்கி சர்க்குலரை விட நீளம். வெண்ணெய் கூடாது. தயிரும் பருப்பு வகையும் ஒண்ணு சேரக்கூடாது. சமைச்சது ராத்திரி தங்கக்கூடாது. வெனிலா எசென்ஸ்ல சாராயம் இருக்கும், வேண்டாம். பச்சைப் புள்ளி ஒண்ணை வெச்சு இதெல்லாம் தெரிஞ்சுக்கவே முடியாது. ஒரு புள்ளி வெறும் ஆரம்பம்தான், மிச்சத்தைக் கேட்டுத்தான் தெரிஞ்சுக்கணும்னு அன்னைக்குப் புரிஞ்சது.

அப்புறம் படிச்சுப் பார்த்தா இன்னொரு வேடிக்கை. அசல் வூப்பி பைக்கு உள்ளே போறது நாம மைக்ரோவேவ்ல உருக்கற கட்டி மார்ஷ்மெல்லோவே இல்லை. பல வீடுகள்ல போடறது ஜாடியில வர்ற மார்ஷ்மெல்லோ ஃப்ளஃப். 1917 வாக்குல மாசசூசெட்ஸ்ல ஆர்ச்சிபால்ட் க்வெரிங்கறவர் வீட்டு அடுப்புல பண்ணி வித்த சரக்கு. அதுல ஜெலட்டின் கிடையாது. சோள சிரப், சர்க்கரை, முட்டை வெள்ளைக்கரு. நம்ம சட்டப்படி முட்டையும் அசைவம்தான், அதனால அதுவும் பாவுக்கு ஆகாது. ஆனா ஜெலட்டின் இல்லாம இது நடக்காதுங்கறது பொய். சாக்கோ பையையே பாருங்க. 2004-ல பாரிஸ் மிட்டாய் கம்பெனியை வாங்கின லோட்டே, சென்னைக்குப் பக்கத்துலயே தொழிற்சாலை போட்டு ஜெலட்டின் இல்லாத மார்ஷ்மெல்லோவோட பச்சைப் புள்ளி போட்டு விக்கிறான். டன் கணக்குல முடியுது. கால் கிலோவுக்கு முடியாதா?

முட்டை வெள்ளைக்கருவுக்குப் பதில் கொண்டைக்கடலை வேக வெச்ச தண்ணி. சிரிக்காதீங்க. 2014-ல ஒரு பிரெஞ்சுக்காரர் கண்டுபிடிச்சுச் சொன்னது. சன்னா மசாலா பண்ணும்போதெல்லாம் நாம தண்ணியைச் சாக்கடையில ஊத்திட்டிருந்தோம்!

எங்க வீட்டுக் கணக்கு இதோ, ஒன்பது பை வரும்.

கேக்குக்கு: மைதா 150 கிராம், கோகோ 35 கிராம், சோடா உப்பு முக்கால் ஸ்பூன், உப்பு ஒரு சிட்டிகை. காய்ச்சி ஆறின பால் 160 மில்லியில ரெண்டு ஸ்பூன் எலுமிச்சைச் சாறு விட்டுத் திரிய விடுங்க. அதுல 120 கிராம் சர்க்கரைத் தூளும் 60 மில்லி எண்ணெயும் கலந்து, சலிச்ச மாவைச் சேர்த்துக் கெட்டியாக் கலக்குங்க. குழிக்கரண்டியால 18 குவியல் வெச்சு 180 டிகிரியில பத்துலேர்ந்து பன்னெண்டு நிமிஷம்.

க்ரீமுக்கு: கொண்டைக்கடலையை உப்பில்லாம காலையில வேக வெச்சு, தண்ணியை வடிச்சு, முட்டை வெள்ளைக்கரு பதத்துக்குச் சுண்ட வைங்க. 100 மில்லி போதும். நல்லாக் குளிர வெச்சு, நாலு சொட்டு எலுமிச்சை விட்டு பீட்டர்ல பத்து நிமிஷம் அடிச்சா வெள்ளை மலை மாதிரி நிக்கும். 150 கிராம் சர்க்கரையை 50 மில்லி தண்ணியில காய்ச்சுங்க. ஒரு சொட்டைத் தண்ணியில விட்டா மெத்துன்னு உருட்ட வரணும். அந்தப் பாகைச் சூடா, நூல் மாதிரி விட்டுக்கிட்டே அடிங்க. ஏலக்காய்த் தூள் போட்டா கடலை வாசனை தெரியாது.

கடல்பாசி சேர்த்தா இன்னும் நல்லா நிக்கும். பாகிட்ட கேட்டேன், வேண்டாம்னுட்டாங்க. அதனால அன்னைக்கே சாப்பிட்டுடணும், ராத்திரிக்குள்ள இளகிடும். மார்ஷ்மெல்லோ மாதிரி நூல் இழுக்காது. அதையும் சொல்லிடறேன், இல்லைன்னா நானும் அந்தக் கடைக்காரரும் ஒண்ணு :-)

சாயந்திரம் அஞ்சு மணிக்கு எடுத்துட்டுப் போனோம். மகள் ஒவ்வொரு சாமானையும் பேர் சொல்லி ஒப்பிச்சா. பா பாதி பீஸ் சாப்பிட்டாங்க. "சர்க்கரை ஜாஸ்தி"ன்னாங்க. அவ்வளவுதான். ஆனா சாப்பிட்டாங்க.

*

கடைசியா என் கோரிக்கை. உதிரியா விக்கிற கடைக்காரரே, கிழிச்ச பாக்கெட்டோட லேபிளை அந்த டப்பா மேல ஒட்டி வைங்க, போதும். வீட்டுல கேக் செஞ்சு விக்கிற சகோதரிகளே, ஆர்டர் எடுக்கும்போதே முட்டை உண்டா, ஜெலட்டின் உண்டா, எந்த ஜெலட்டின்னு மூணு வரி எழுதி அனுப்புங்க. 'எக்லெஸ்'னு போட்டுட்டு மேல மார்ஷ்மெல்லோ தூவற வீடியோக்காரர்களே, எக்லெஸ் வேற, வெஜ் வேற. தயவுசெஞ்சு தெரிஞ்சுக்கிட்டு கேமராவை ஆன் பண்ணுங்க.

நம்மள மாதிரி வாங்கறவங்களுக்கு: புள்ளி இல்லாத கவரை வாங்காதீங்க. நான் வாங்கினேன். அதுக்கான அபராதத்தை எண்பது வயசுக்காரங்க ஒருத்தங்க பட்டினி கிடந்து கட்டினாங்க.

பி.கு.: அந்தக் கடைக்குப் போன வாரம் போனேன். மார்ஷ்மெல்லோ இன்னும் கண்ணாடிக் கவர்லதான் இருக்கு. கேட்டா, "வெஜ்ஜான்னு தெரியாது சாப்"ங்கறார் இப்போ. முன்னேற்றம்தான்னு வெச்சுக்குவோம்.